விலக்கில் திரும்பும்போது செய்யும் தவறுகள்

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியெங்கும் விலக்குகள், அதாவது மெயின் ரோட்டிலிருந்து கிளை ரோடு பிரியும் இடங்கள். பல இடங்களில் சிக்னல் கிடையாது. ஒரு பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை, ரோட்டை ஒட்டிச் சீமைக்கருவேல். திரும்புகிறவருக்குப் பாதி ரோடு தெரியாது. தெரிந்த பாதியை வைத்து முழு ரோடும் காலி என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. உருட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பதைப் பார்ப்பதாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. 30 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி நொடிக்கு 8 மீட்டர் ஓடிவிடும். நின்று பாருங்கள், புதர் மறைத்தால் இரண்டடி நகர்ந்து மறுபடி நின்று பாருங்கள்.

இடது பக்கம் திரும்பும்போது கண் முழுக்க வலப்பக்கம் வரும் வண்டிகள் மேலேயே இருக்கும். அவை ஓய்ந்ததும் கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும். அப்படித்தான் ஒருமுறை, இடப்பக்கம் மீன்கூடையோடு ரோட்டில் இறங்கிவிட்ட ஒரு அம்மாவைக் கடைசி நொடியில் பார்த்தேன். அவர் திட்டியது நியாயம்.

வலது பக்கம் திரும்புவதில் இன்னொரு சிக்கல். முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண், நம் ஊர்க் கார்களில் வலப்பக்கம் டிரைவரின் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளி நடக்கும் ஓர் ஆளை அது முழுசாக மறைத்துவிடும். வண்டி திரும்பத் திரும்ப அவரும் நடந்தால், தூணின் மறைவிலேயே கூடவே வருவார். தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பையே முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

கடற்காற்றில் கண்ணாடியில் உப்பு படியும். சாதாரண நேரத்தில் தெரியாது. காலையில் கிழக்கே மண்டபம் ஊர்ப் பக்கம் போகும்போது எதிர்வெயில் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். வெறும் வைப்பரைப் போட்டால் இழுகும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், விலக்கின் முனையிலேயே வேனை நிறுத்திவிட்டு டீ குடிப்பவர்கள். கொஞ்சம் தள்ளி நிறுத்தினாலும் அதே டீதான் கிடைக்கும்.

நடப்பவர்கள் செய்யும் தவறு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் புகுந்து கடப்பது. பஸ்ஸை முந்தி வரும் பைக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், உங்களுக்கும் அவர் தெரிய மாட்டார். பஸ் கிளம்பட்டும். அரை நிமிஷத்தில் இரண்டு பக்கமும் ரோடு தெரியும்.