ஒரே கோப்பில் கூட்டாக வேலை செய்யும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் படிக்கும் ஒரு ப்ராஜெக்ட் அணி மாலை ஐந்து மணிக்கு மேல் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒருவர் கடலூர் முதுநகருக்குப் பேருந்து ஏறுவார், இன்னொருவர் வில்லியனூருக்குப் போவார், மற்றொருவர் காலாப்பட்டு விடுதிக்குத் திரும்புவார். ஆகவே அறிக்கையும் அளவீடுகளும் வரைபடங்களும் கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும்தான் வளர்கின்றன. முதுகலை மாணவன் என்பதால் இளநிலை மாணவர்களின் ப்ராஜெக்டுகளைப் பார்த்துக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்கிறது. எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகள் அதே வரிசையில் நடப்பதைப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது, ஒரே கோப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’ என்று பெயர் வைத்துக்கொண்டே போகக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு நெடுவரிசையை மட்டும் சார்ட் (sort, வரிசைப்படுத்துதல்) செய்தல்

இந்த ஆண்டு ஓர் அணி, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை அளக்கிறது. வீராம்பட்டினம், நல்லவாடு, தாழங்குடா, தேவனாம்பட்டினம் எனக் கடலை ஒட்டியும், ஒப்பீட்டுக்காகப் பாகூர் ஏரிப் பக்கம் உள்ளே தள்ளியும் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, இறைத்த வாளித் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) முக்கி, வரும் எண்ணை அங்கேயே நின்று கைபேசியிலிருந்து ஷீட்டில் ஏற்றுகிறார்கள். உப்பு எங்கே அதிகம் என்று பார்க்க நினைத்த ஒருவர், டிடிஎஸ் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் ரேஞ்சை அழுத்தினார். எண்கள் இறங்குவரிசையில் ஒழுங்காக அமர்ந்தன. ஊர்ப்பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தேவனாம்பட்டினத்து உப்பு பாகூர்க் கிணற்றில் ஏறிவிட்டது.

இந்தப் பிழையைப் பற்றிக் கணினி எதுவும் சொல்லாது. குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 கூறுகிறது; எந்த ஊர் அந்தக் கோட்டுக்கு மேலே, எந்த ஊர் கீழே என்பதே ஆய்வின் முடிவாக இருக்கும்போது, ஊரும் எண்ணும் பிரிந்துபோனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் மற்றவர்கள் புதிய அளவீடுகளைச் சேர்த்திருந்ததால், பழைய பதிப்புக்கு அப்படியே திரும்பினால் அவையும் போயிருக்கும். பதிப்பு வரலாற்றில் சார்ட்டுக்கு முந்தைய நிலையைத் தனிப் பிரதியாக எடுத்து, புதிய வரிகளை அதில் சேர்க்க வேண்டியதாயிற்று. வரிசைப்படுத்திப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் ஃபில்டர் வியூ போதும். அது பார்ப்பவரின் திரையோடு நின்றுவிடும், மற்றவர்களின் ஷீட்டைக் கலைக்காது.

‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’

வேண்டாம். கிணற்று வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண் உள்ள ஷீட்டில் ஒருபோதும் வேண்டாம்.

கோப்பு யாருடையது என்று கேட்காமல் இருத்தல்

இதைப் பற்றி நான் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஏனெனில் இதன் மீதுள்ள எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தும் நகராமல் நின்றது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அப்போது இதே கிணறுகளை அளந்துகொண்டிருந்த எங்கள் சீனியர் அக்கா ஒருவர், வெள்ளம் வடிய வடிய மீண்டும் மீண்டும் போய் அளந்தார். கைபேசியில் சார்ஜ் இல்லாததால் நோட்டில் எழுதிவைத்து, மின்சாரம் வந்தபின் ஷீட்டில் ஏற்றினார். வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கிணற்றில் எடுத்த அளவுகள் என்பதால் அந்த ஷீட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. அதை அவர் தம் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் உருவாக்கியிருந்தார். படிப்பை முடித்துப் போனார். அதன்பின் படிப்பு முடிந்தவர்களின் கணக்குகளைக் கல்லூரி நீக்கியது. ப்ராஜெக்டைத் தொடரச் சொல்லி வழிகாட்டி ஆசிரியர் இளையவர்களிடம் கொடுத்த லிங்க்கை அழுத்தியபோது, அப்படியொரு கோப்பே இல்லை என்று வந்தது. “அண்ணா, ரிக்வெஸ்ட் ஆக்சஸ்கூட வரலை” என்று ஒரு பையன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். வராதுதான்; அனுமதி தருவதற்கு அங்கே ஆள் இல்லை.

நீக்கப்பட்ட கணக்கை நிர்வாகி 20 நாட்களுக்குள் மீட்கலாம். நாங்கள் கேட்டபோது அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. கணக்கு மூடப்படும் என்ற முன்னறிவிப்பு வந்திருக்கிறது, ஆனால் அது வந்தது படிப்பு முடிந்தபின் யாரும் திறக்காத அதே கல்லூரி மின்னஞ்சலுக்கு. நோட்டு, வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. துறை அலமாரியில் பைண்ட் செய்து வைத்திருக்கும் ப்ராஜெக்ட் அறிக்கையில் சராசரிகளின் அட்டவணை ஒன்று மட்டும் இருக்கிறது. எந்தக் கிணறு, எந்தத் தேதி, என்ன அளவு என்பது எங்கும் இல்லை. அந்த வெள்ளத்தை இனி யாரும் மறுபடி அளக்க முடியாது.

கல்லூரிகள் கணக்குகளை நீக்குவதில் வியப்பில்லை. கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடம் 2022இல் முடிவுக்கு வந்து, நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என்றானது. இடம் நெருங்கும்போது முதலில் போவது படிப்பை முடித்துச் சென்றவர்களின் கணக்கு.

புதியவர்கள் இங்கே பிடிவாதமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தனிநபரின் டிரைவில் கோப்புறை என்னுடையது என்பதால் உள்ளே இருக்கும் கோப்புகளும் என்னுடையவை ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் அதை உருவாக்கியவருக்கே சொந்தம். நம் வாசலில் நிறுத்தியிருந்தாலும் அடுத்த வீட்டுக்காரரின் சைக்கிள் அவருடையதுதான். கல்லூரிக் கணக்கிலுள்ள கோப்பின் உரிமையைத் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கவும் கூகுள் விடுவதில்லை. பிரதி எடுக்கலாம், ஆனால் பதிப்பு வரலாறு பிரதியோடு வராது. யார் எதை எப்போது ஏற்றினார் என்ற சான்று அங்கேயே நின்றுபோகும்.

ஆகவே முதல் நாளே செய்ய வேண்டியவை சில உள்ளன. கல்லூரியின் கணக்கில் ஷேர்டு டிரைவ் வசதி இருந்தால் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள கோப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை, உருவாக்கியவர் போனாலும் நிற்கும். அது கிடைக்காவிட்டால், துறையிலேயே இருக்கப்போகும் ஒருவரின் கணக்கில் கோப்பை உருவாக்கச் செய்து, நீங்கள் திருத்துநராகச் சேருங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஷீட்டை எக்ஸெல் வடிவிலும், வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வி வடிவிலும் இறக்கி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சிஎஸ்வியை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் ஊர்ப்பெயர்கள் கிறுக்கலாகத் தெரியக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிடாமல், டேட்டா பகுதி வழியாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்து உள்ளிடுங்கள். தரவு பிறருக்கும் பயன்படும் என்றால், பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நீக்கிவிட்டு ஜெனோடோவில் ஏற்றலாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் அந்தக் களஞ்சியம் கட்டணம் வாங்குவதில்லை, மேற்கோள் காட்டத்தக்க டிஓஐ எண்ணும் (ஆவணத்தை இணையத்தில் நிரந்தரமாக அடையாளம் காட்டும் எண்) தருகிறது. நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின், இந்த ஆண்டின் அணியினுடைய ஷீட் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டேன். இறுதியாண்டு மாணவி ஒருவரின் கல்லூரிக் கணக்கில் இருந்தது.

பாமினியில் தட்டச்சு செய்து ஒட்டுதல்

கடலூரில் டிடிபி கடை வைத்திருக்கும் உறவினரிடம் கொடுத்து ஓர் அத்தியாயத்தையே தட்டச்சு செய்து வாங்கிவந்தார் ஒரு மாணவர். அது யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்ததால், டாக்ஸில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றது. அணியினர் அமர்ந்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார்கள். அது தேவையில்லை, பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு எண்களையும் அலகுகளையும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் கண்ணால் சரிபாருங்கள், ஏனெனில் கருவி அவற்றையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும்.

சாட்ஜிபிடியிடம் மேற்கோள் பட்டியல் கேட்டல்

கடலூர்க் கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது பற்றிய கட்டுரைகளைக் கேட்டால், தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் பொருத்தமாக அமைந்த பட்டியல் வரும். அவற்றில் சில எங்கும் வெளிவந்தே இருக்காது. டிஓஐ எண்ணைச் சோதித்தால் வேறொரு துறையின் கட்டுரை திறக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து, சுருக்கத்தையாவது படிக்காமல் அறிக்கையில் சேர்க்காதீர்கள். கையில் உள்ள பிடிஎஃப்களைக் கூகுளின் ஏஐ கருவியான நோட்புக்எல்எம்மில் ஏற்றிக் கேள்வி கேட்பது இதைவிடப் பாதுகாப்பானது. விடை எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று அது சுட்டிக்காட்டும், நாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதாமல் முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒட்டியது டாக்ஸின் பதிப்பு வரலாற்றில் தெரியும் என்பதையும், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஏபிஐ கீயைக் கிட்ஹப்பில் ஏற்றுதல்

ஏபிஐ கீ என்பது இணையச் சேவையை நம் பெயரில் பயன்படுத்தவிடும் ரகசியச் சாவி. அதை அடுத்த கமிட்டில் (கிட்ஹப்பில் பதியும் அடுத்த மாற்றத்தில்) அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். கீயை உடனே ரத்து செய்து புதியது எடுங்கள்.

கோலாபில் விட்டுவிட்டுத் தூங்கப் போதல்

கோலாப், நிரலை இணையத்திலேயே ஓட்டும் கூகுள் கருவி. அமர்வு முடிந்தால் அதன் தற்காலிகக் கோப்புகள் போய்விடும். டிரைவில் சேமியுங்கள்.

பருவத்தின் நடுவில் கருவியை மாற்றுதல்

ஒவ்வொரு அணியிலும் புதிய செயலி ஒன்றைக் கண்டுபிடித்துவந்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றலாம் என்று சொல்லும் ஒருவர் இருப்பார். தொலைவில் இருப்பவர்கள் ஒரே திரையில் சேர்ந்து வேலை செய்வதை 1968 டிசம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் செய்துகாட்டிவிட்டார். பெரும்பாலான புதிய செயலிகள் அதே வேலையை வேறு நிறத்தில் செய்கின்றன. கூட்டாக எழுதவும் உரையாடவும் வந்த கூகுள் வேவ் 2009இல் பெரும் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டு, 2010இலேயே வளர்ச்சி நிறுத்தப்பட்டது. வகுப்புகளில் பரவலாகப் பயன்பட்ட, கூகுளின் டிஜிட்டல் வெண்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டது. புதியதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்வு முடிந்த விடுமுறையில் எதை வேண்டுமானாலும் முயன்று பாருங்கள். ஆனால் ப்ராஜெக்டை அதில் ஏற்றுவதற்கு முன், அணியினர் எல்லோரின் கைபேசியிலும் அது ஓடுகிறதா, உள்ளே போட்டதைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்ற இரண்டையும் ஒரு பக்க அளவுள்ள மாதிரிக் கோப்பை வைத்துச் சோதியுங்கள். மாதிரிக் கோப்பில் ஓர் அட்டவணையும் ஒரு படமும் சில வரித் தமிழும் இருக்கட்டும், வெளியே எடுக்கும்போது முதலில் சிதைவது இவைதான்.