எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்கு ஊரார் நிதி: தொடங்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரங்களில், தமிழில் பயிற்றுவிக்கும் பள்ளிகள் இன்றும் நடந்து வருகின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஊரார் சேர்ந்து ஒரு நிதியமைப்பைத் தொடங்க விரும்பினால், பெயர் சூட்டுவதையும் பதிவு செய்வதையும் சிறிது தள்ளி வைத்து, தலைமையாசிரியரின் இசைவோடு வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் முதன்முறை நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஆர்வத்தோடு பணம் திரட்டிப் புத்தகப்பைகள் வழங்கினோம். பெரும்பாலான பிள்ளைகளிடம் நல்ல பைகள் ஏற்கெனவே இருந்தன. அடுத்த ஆண்டு பதிவேட்டைப் புரட்டியபோது, ஆறாம் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலருடைய பெயர்களுக்கு நேரே, நிலக்கடலை பறிக்கும் வாரங்களில் மட்டும் வரிசையாக விடுப்புக் குறிகள் இருந்தன. தாய்மார்கள் காட்டுவேலைக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நின்றுவிட்டாள். அந்த வாரங்களில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஊரில் ஒரு பாட்டிக்கு நாட்கூலி கொடுப்பதுதான் எங்கள் நிதியின் உண்மையான முதல் செலவாயிற்று; பைகளுக்கு ஆன தொகையில் அது சிறு பகுதிதான்.

அரசு செய்ய வேண்டியதை ஊர்ப் பணத்தால் செய்துவிடக் கூடாது என்பதிலும் உறுதி தேவை. கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராம ஊராட்சியின் பொறுப்பிலும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் பொறுப்பிலும் உள்ளன. கூரை ஒழுகினால் முதலில் அங்கேதான் எழுத்துமூலம் மனுக் கொடுக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்து தரும்படி, 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுவதையும் அந்த மனுவில் எழுதலாம்.

ஊராரால் மட்டுமே செய்யக்கூடியவை வேறு. பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் பாடநூலை எடுக்கும்போது திகைத்து நிற்கிறது. மார்ச் தேர்வுக்கும் அடுத்த வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள கோடை மாதங்களில், ஊரில் பட்டம் படித்தவர்களைக் கொண்டு அறிவியல், கணக்குச் சொற்களை இரு மொழியிலும் பழக்கினால் அந்தத் திகைப்பு வெகுவாகக் குறையும். அதுபோலவே, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழித் தகுதி உதவித்தொகைத் தேர்வில் தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டாத, அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இதற்கு எழுதலாம். நான்கு ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு 48,000 ரூபாய் வரும் வழி இது. அதற்குப் பயிற்சி கொடுத்து, வருமானச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் எடுத்துக்கொடுப்பதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. சிறிய நிதிக்கு இதைவிடப் பயனுள்ள பணியை நான் கண்டதில்லை.

இப்படி ஓராண்டு வேலை செய்து, யார் தொடர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு பதிவுக்குப் போகலாம். அறக்கட்டளையாகப் பதிய வேண்டுமானால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதன் பொறுப்பு சில அறங்காவலர்களிடமே நிலைத்துவிடும். சங்கமாகப் பதிய ஏழு பேராவது வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூடிக் கணக்கை ஏற்க வேண்டியிருப்பதால் ஊர்ப் பணத்துக்குச் சங்கமே பொருத்தமானது என்பது என் கருத்து. இங்கே எல்லையோரத்துக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரம் பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்ததால் அங்கு 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டமும், மலபாரில் இருந்த பாலக்காட்டுப் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும் பொருந்தும்; உங்கள் கிராமம் எதில் வருகிறது என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விதிகளை எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண்ணும், இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு வங்கிக் கணக்கும் பெறுக. நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித் துறையில் தனியே பதிய வேண்டும். 80ஜி என்று நாம் பழகிய அந்தச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்குக் கிடையாது. 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரைக் கேட்டே படிவம் நிரப்ப வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவருடைய பணம் அப்படியன்று, அதற்கு உரிய பதிவில்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

கணக்கு எழுதும் முறையை நாங்கள் மொய் நோட்டிலிருந்தே எடுத்துக்கொண்டோம். பெயர், ஊர், தொகை என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதி வாசிப்பது நம் மக்களுக்குப் பழகிய வழக்கம். ஐம்பது ரூபாய் தந்த கூலித் தொழிலாளியின் பெயரும் ஐயாயிரம் தந்தவரின் பெயரும் அதில் அடுத்தடுத்து வரும். ஆனால் உதவி பெறும் பிள்ளையின் பெயர் அந்த நோட்டில் இருக்கக் கூடாது. மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதை அடியோடு தவிர்த்து, தொகையை வகுப்பாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் சேர்த்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத் தாள் செயலாளரிடம் பூட்டி இருக்கட்டும்.

ஆண்டு முடிவில் வரவுசெலவைத் தமிழில் ஒரு படியும் மலையாளத்தில் ஒரு படியும் எழுதி, தமிழ்ப் படியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்த பின், மலையாளப் படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து முத்திரையிட்ட ரசீது வாங்கி வையுங்கள்.