டபுள் என்றதும் ஆட்டத்தை விடாதீர்கள்: பேக்கமன் கட்டையில் செய்யும் தவறுகள்

போன வாரம் புதிதாகப் பழகும் நண்பர் ஒருவர் பேக்கமன் என்ற பகடைப் பலகை ஆட்டம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிராளி டபுளிங் கட்டையை 2-க்குத் திருப்பி நீட்டினார். அதாவது ஆட்டத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கக் கேட்கிறார்; ஏற்று ஆடலாம், இல்லையென்றால் பழைய புள்ளியைக் கொடுத்து ஆட்டத்தை விடலாம். இவர் பலகையைக்கூடப் பார்க்காமல் "விட்டுடறேன்" என்றார். ஆரம்பத்தில் நானும் அச்சு அசல் இப்படித்தான். உருட்டிய பிறகு டபுள் சொல்லக் கூடாது, கட்டையை வைத்திருப்பவர்தான் அடுத்து ஏற்றலாம் என்பதெல்லாம் நாலு ஆட்டத்தில் தானாக வந்துவிடும். அதை விடுங்கள்.

பின்தங்கியிருக்கிறோம் என்பதற்காகவே விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். புள்ளிக்குப் புள்ளி ஆடும்போது, விட்டால் 1 புள்ளி போச்சு. ஏற்றால் தோற்கும்போது 2 போகும், ஜெயித்தால் 2 வரும். இதே நிலை நான்கு முறை வந்தால்? நான்கையும் விட்டால் 4 நஷ்டம். நான்கையும் ஏற்று மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தாலும் 6 போய் 2 வரும். அதே 4 தான். ஆக, நாலில் ஒன்று தேறும் என்றாலே ஏற்கலாம். கட்டையும் உங்கள் கைக்கு வருவதால் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. ஒரு காயைக்கூடப் பழமாக்காமல் தோற்கிற அபாயம், அதாவது கேமன், இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

நான் விட்ட ஆட்டம் ஒன்று. எதிராளிக்கு மிச்சம் இரண்டே காய்: ஒன்று வெளியேற 5 கட்டம், ஒன்று 2 கட்டம். எனக்கு 1 கட்டத்தில் ஒரே காய். அவர் தவறவிட்டால் ஆட்டம் என்னுடையது. உருட்டும் முன் டபுள் என்றார், பயந்து விட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். பகடை விழக்கூடிய 36 விதங்களில் 19-இல்தான் (2-2 கூடப் போதும்) அவர் இரண்டையும் பழமாக்க முடியும். 17-இல் முடியாது. 36 முறையும் விட்டால் 36 புள்ளி போகும். ஏற்றால் 38 போய் 34 வரும், நஷ்டம் வெறும் 4!

அவர் டபுள் சொன்னதும் சரி, நான் ஏற்றிருந்தால் அதுவும் சரி. எதிராளி துணிந்து கேட்டாலே நம் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை.

டபுளைப் பொத்தி வைப்பது

இன்னொரு நல்ல உருட்டு விழட்டும் என்று காத்திருந்தால், விழுந்த பிறகு எதிராளி நிம்மதியாக விட்டுவிடுவார். இரு பக்கக் காய்களும் ஒன்றையொன்று தாண்டிவிட்டு வெறும் ஓட்டமாக இருந்தால் 8-9-12 கணக்கு உதவும். உங்கள் காய்கள் எல்லாம் சேர்ந்து கடக்க வேண்டியது 100 கட்டம் என்றால், எதிராளிக்கு 108 இருக்கும்போதே முதல் டபுள். கையில் இருக்கும் கட்டையை மறுபடி ஏற்ற 109. அவர் 112 வரை ஏற்கலாம்.

கோபத்தில் ஏற்றுவது

வேண்டாம்.

கிராஃபோர்டு முடிந்தும் சும்மா இருப்பது

மேட்சை ஜெயிக்க ஒருவருக்கு 1 புள்ளிதான் பாக்கி என்றானதும் வரும் அடுத்த ஒரே ஒரு ஆட்டத்தில் டபுள் கிடையாது. அதுதான் கிராஃபோர்டு ஆட்டம். அதற்குப் பிறகு பின்தங்கியவர் தன் முதல் வாய்ப்பிலேயே டபுள் சொல்ல வேண்டியதுதான். தோற்றால் மேட்ச் எப்படியும் போகும். நம் நண்பரோ அங்கேயும் கட்டையைத் தொடாமல் பகடையை உருட்டிக்கொண்டிருந்தார்.