அம்பாசிடர் சொன்னார் என்று கேமரா வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு பையன் ஸ்டுடியோவுக்கு வந்தான். இருபத்திரண்டு வயது. ஆறு மாதமாக என்னோடு முகூர்த்தங்களுக்கு வந்து லைட் பிடிக்கிறவன். "அண்ணே, இந்த பாடி எடுக்கப் போறேன். அம்மா நகையை வச்சுக்கச் சொல்லிருச்சு" என்று போனை நீட்டினான். (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைத்தான் நாங்கள் பாடி என்போம்.) திரையில் வடநாட்டுத் திருமணப் புகைப்படக்காரர் ஒருவர், ஏதோ அரண்மனை மாடத்தில் நின்று புதுக் கேமராவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். வீடியோவின் மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரக் கூட்டு' என்கிற பொருளில் ஒரு சொல். பையன் அதைக் கவனிக்கவே இல்லை.

திட்ட வாய் வரவில்லை. 2019-ல் நானும் இப்படித்தான் ஒருவர் பேச்சைக் கேட்டு மாதம் 13 ஆயிரம் ரூபாய் தவணை கட்டினேன்.

பேட்டரி சார்ஜ் போட மறப்பது, கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு தடவை நடந்தால் தானாகவே திருந்திவிடும். யார் சொல்லி வாங்குகிறோம் என்பதில் நடக்கும் தவறுகள் மட்டும்தான், தலைமுறைக்குத் தலைமுறை, அப்படியே திரும்ப வருகின்றன.

நடிகை முகத்தைப் பார்த்து வாங்குவது

இப்போது யாரும் வாங்குவதில்லை. நிகான் கூல்பிக்ஸுக்குப் பிரியங்கா சோப்ரா, சோனி சைபர்ஷாட்டுக்குத் தீபிகா படுகோன் என்று விளம்பரம் வந்த காலத்தில் அவை கைக்கடக்கமான சின்னக் கேமராக்கள். கொடைக்கானல் போகிற குடும்பம் வாங்கும். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் அது ஏறத்தாழ 77 லட்சம். மிச்சத்தை எல்லாம் செல்போன் தின்றுவிட்டது. கேமராவுக்கு முகம் காட்டிய நட்சத்திரங்களும் செல்போன் பக்கம் போய்விட்டார்கள்.

தொழில்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது

நடிகை சொன்னால் சிரித்துக்கொண்டே கடந்துபோகிற அதே ஆள், ஒரு புகைப்படக்காரர் சொன்னால் நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார். 'அவர் இதிலேயே சோறு தின்கிறவர், தெரியாமலா சொல்வார்?' நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்னையில் ஒரு ஹோட்டல் அரங்கம். கேமரா நிறுவனம் நடத்திய இலவசப் பட்டறை, மதியச் சாப்பாட்டோடு. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. மேடையில் அவர்களுடைய அம்பாசிடர், அதாவது தங்கள் கேமராவை முன்னிறுத்திப் பேச நிறுவனம் வைத்துக்கொள்கிற புகைப்படக்காரர். (எங்கள் தலைமுறைக்கு அம்பாசிடர் என்றால் கார்தான். அதுவும் பெட்ரோலைக் குடிக்கும்.) அவர் எடுத்த ஒரு மாடலின் படத்தை என் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இமை முடியை எண்ணலாம், பட்டுச் சேலையின் இழையை எண்ணலாம். 45 மெகாபிக்சல். அந்தப் படத்தை எடுக்க மூன்று பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி) வைத்திருந்ததும், லைட்டைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் நின்றதும் மேடையில் ஓட்டிய வீடியோவிலேயே தெரிந்தது. என் கண்ணில்தான் படவில்லை.

அடுத்த வாரமே 2 லட்சத்து 70 ஆயிரம் கொடுத்து பாடியை மட்டும் வாங்கினேன். லென்ஸுக்குக் காசில்லை. பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினேன். வேகமான கார்டு ஒன்றுதான் வாங்க முடிந்தது. இரண்டாவது ஸ்லாட்டில் கையில் கிடந்த பழைய எஸ்டி கார்டைச் செருகி, இரண்டிலும் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஒருசேரப் பதிவாகிற மாதிரி வைத்தேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே என்ற முன்ஜாக்கிரதை!

முதல் கல்யாணம் விருதுநகர்ப் பக்கம். காலை முகூர்த்தம். ஐயர் கையைக் காட்ட, கெட்டிமேளம் கொட்ட, நான் ஷட்டர் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டது அத்தனையும் கிடைத்தது. அடுத்த இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும். அவர் கை நீட்டுகிறார், மணப்பெண் தலை குனிகிறது, நாலா பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. என் கேமராவில் சிவப்பு விளக்கு. பட்டன் இறங்குகிறது, படம் விழவில்லை.

நடந்தது இதுதான். எடுத்த படங்கள் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் குவியும், பிறகு கார்டுக்கு இறங்கும். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால், மெதுவான கார்டின் வேகம்தான் மொத்த வேகம். ஒரு படம் 50 எம்பி. குவியல் நிறைந்துவிட்டது. ஐந்தாறு நொடிதான். முழு மண்டபமும் அதற்காகத்தான் கூடியிருந்தது.

பெண்ணின் அப்பா ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுவார் என்று தெரியும். வீடியோக்காரத் தம்பியிடம் போய்க் கெஞ்சி, அவன் பதிவிலிருந்து ஒரு ஃபிரேமை உருவி வைத்தோம். 1920-க்கு 1080. இரண்டு மெகாபிக்சல். கழுத்தில் 45 மெகாபிக்சலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் குடும்பம் காலத்துக்கும் பார்க்கப் போகிற படத்தை இரண்டு மெகாபிக்சலில் கொடுத்தவன் நான். இன்றைக்கும் அந்த ஊர் வழியாகப் பேருந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதோடு முடியவில்லை. ரிசப்ஷனும் முகூர்த்தமுமாக ஒரு கல்யாணத்துக்கு 3,500 படம் எடுத்தால் 175 ஜிபி. காப்புப் பிரதி இன்னொரு 175. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் திறக்க யோசித்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கினேன், ரேம் ஏற்றினேன், கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினேன். பழைய லென்ஸால் அந்த சென்சாருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மங்கல் வெளிச்சத்தில் கை லேசாக ஆடியது முன்பெல்லாம் தெரியாது, இப்போது பெரிதாக்கினால் பூதாகரமாகத் தெரிந்தது.

சரி, அந்த 45 மெகாபிக்சல் எனக்குத் தேவையா? ஆல்பக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் ஆல்பம் 12-க்கு 36 அங்குலம், இரண்டு பக்கமும் விரித்தால். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்திலேயே அது 20-க்கு 13 அங்குலம் வரும். ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பியும் மிச்சம் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் இந்த வகுத்தல் கணக்கை ஒரு தடவை போட்டிருந்தால் போதும்.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்பாசிடரை மதுரையில் ஒரு விழாவில் பார்த்தேன். ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நான் கல்யாணம் எடுக்கிறவன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் விளம்பரப் படம் எடுக்கிறவர். ஒரு நாளைக்கு 200 ஃபிரேம் எடுத்தால் அதிகம். படம் பேருந்து நிறுத்தத்துப் பலகையில் ஆளுயரத்துக்கு அச்சாகும். லென்ஸ், கார்டு எல்லாம் நிறுவனம் அனுப்புவது. பாடி பழுதானால் மறுநாள் மாற்று வந்து நிற்கும். அவருக்கு அந்தக் கேமராவைப் போல ஒன்று இல்லை. மேடையில் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, அங்கே இருந்த நூறு பேரில் ஒருவரும் அவரிடம் 'உங்களுக்கு என்ன வேலை?' என்று கேட்கவில்லை. நானும்தான்.

அந்த பாடியைப் பதினான்கு மாதத்தில் விற்றேன், 1 லட்சத்து 55 ஆயிரத்துக்கு. வாங்கியவர் நகைக்கடைகளுக்குக் கேட்லாக் எடுப்பவர். முக்காலியில் நிறுத்தி, ஒரு நெக்லஸுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். தெய்வமாகக் கொண்டாடுகிறார். தவணை அதற்குப் பிறகும் எனக்குப் பத்து மாதம் ஓடியது.

இன்றைக்கும் எரிச்சல் வருவது இங்கேதான். புதிதாக வருகிற பிள்ளைகள் 'அவர் என்ன கேமரா வைத்திருக்கிறார்?' என்று கேட்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை படம் எடுக்கிறார், எதில் அச்சாகிறது, முகூர்த்த நேரத்தில் கேமரா நின்றால் அவருக்கு மாற்று யார் கொடுப்பார்கள், இதை ஒருத்தராவது கேட்க வேண்டுமே!

மாதிரிப் படத்தைக் கேமராவின் கணக்கில் எழுதுவது

2012-ல் நோக்கியா தன் லூமியா 920 போனின் ஆட்டம் தாங்கும் திறனைக் காட்ட ஒரு வீடியோ வெளியிட்டது. சைக்கிளில் போகிற பெண்ணை அந்த போனே எடுத்தது போலக் காட்சி. பின்னணியில் நின்ற ஒரு வண்டியின் கண்ணாடியில் உண்மையான கேமராவும் அதைப் பிடித்திருந்தவரும் தெரிந்துவிட, நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2016-ல் ஹுவாவே தன் பி9 போனைப் பாராட்டிப் போட்ட படத்தின் எக்ஸிஃப் விவரத்தை (எந்தக் கேமரா, என்ன செட்டிங் என்று படத்துக்குள்ளேயே பதிவாகும் குறிப்பு) திறந்து பார்த்தவர்களுக்கு, அது கேனான் 5டி மார்க் 3-ல் எடுத்தது என்று தெரிந்தது. அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள்.

கேமரா நிறுவனங்கள் இவ்வளவு துணிவதில்லை. மாதிரிப் படம் அந்தக் கேமராவில் எடுத்ததாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சம் யாருடையது, மேக்கப் யாருடையது, எத்தனை மணி நேரம் ரீடச் செய்தார்கள் என்பது எக்ஸிஃபில் வராது. ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த பச்சைக்கண் ஆப்கான் சிறுமியின் படம், நிகான் எஃப்எம்2-வில் 105 எம்எம் லென்ஸ் போட்டு எடுத்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஃபிலிம் ரோல். அதே எஃப்எம்2-வை வைத்து எங்கள் ஊரில் ஆயிரம் காதுகுத்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அம்பாசிடர் பட்டியலைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது

2017-ல் நிகான் டி850 கேமரா வந்தபோது ஆசியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா நாடுகளிலிருந்து 32 புகைப்படக்காரர்களைப் பொறுக்கி முன்னிறுத்தினார்கள். 32 பேரும் ஆண்கள். கண்டனம் கிளம்பியதும், அழைத்த பெண்களால் வர முடியவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. என்னோடு கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம்) எடுக்கிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். இது மாதிரிக் கனத்த பாடியில் பெரிய ஜூம் லென்ஸை மாட்டிக் கொடுத்தால் ரிசப்ஷன் வரிசை பாதி நகர்வதற்குள் மணிக்கட்டு விட்டுவிடும். அவள் கைக்கு அது எப்படி இருக்கும் என்று அந்த 32 பேரில் யார் சொல்லியிருக்க முடியும்?

பெரிய செய்தி நிறுவனமே மாறிவிட்டதே என்று மாறுவது

2020-ல் அசோசியேட்டட் பிரஸ் சோனிக்கு மாறியது. படம், வீடியோ இரண்டுக்கும் உலகம் முழுக்க ஒரே கேமரா கிட். உங்களுக்கு எத்தனை நாட்டில் கிளை?

காசு வாங்கியவர் சொல்வதெல்லாம் பொய் என்று ஒதுக்குவது

சூடுபட்ட பிறகு நான் செய்த தவறு இது. இரண்டு வருடம் எந்த ரிவ்யூவையும் பார்க்கவில்லை. அதுவும் நஷ்டம்தான்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. நிறுவனத்தோடு தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 வழிகாட்டு விதிகள் கேட்கின்றன. இலவசமாகக் கிடைத்த பொருள், பயணச் செலவு எல்லாம் தொடர்பில் சேர்த்திதான். வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும் என்று 2023-ல் விளக்கமும் வந்தது. ஆகவே முதலில் அந்த அறிவிப்பைத் தேடுங்கள். இருந்தால், ஆள் ஒளிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கேட்கும்போது 'அருமை', 'மிரட்டல்' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, குறை சொல்கிற இடத்தில் காதைத் தீட்டுங்கள். ஹோமப் புகைக்குள் ஃபோகஸ் தடுமாறுகிறது, மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் பட்டை விழுகிறது, ஒரு மணி நேர வீடியோவில் சூடாகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் உண்மையாகவே வேலையில் பயன்படுத்தியிருக்கிறார். காசு வாங்கியிருந்தாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

அப்படி வாங்க வேண்டாம். ஆடியில் கேட்டால் வாடகையும் குறையும்.

பக்கத்துக் கடைக்காரரைக் கேட்காமல் விடுவது

உங்கள் ஊரில் முகூர்த்தம் எடுக்கிற நாலு பேர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படம் எப்படி வருகிறது என்பதற்காக இல்லை. வைகாசியில் ஒரே நாளில் மூன்று ஆர்டர் வந்து, காலையில் லென்ஸ் கீழே விழுந்தால், அரை மணி நேரத்தில் ஓடிப்போய் யாரிடம் கடன் வாங்குவீர்கள்? ஊர் முழுக்க ஒரு மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்), உங்களிடம் மட்டும் வேறு மவுன்ட் என்றால், கிடைக்கிற லென்ஸ் உங்கள் பாடியில் உட்காராது. பழுதானால் எங்கே அனுப்புகிறார்கள், திரும்பி வர எத்தனை நாள் ஆனது என்றும் அவர்களிடமே கேட்கலாம். போட்டிக்காரர்தான். ஆனால் கேமராவைப் பற்றிப் புலம்பச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்துப் புலம்புவார்.

அந்தப் பையனை நகையை வைக்க விடவில்லை. அவன் காட்டிய அதே கேமராவை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, அடுத்தடுத்து மூன்று கல்யாணத்துக்கு அனுப்பினேன். மூன்றாவது முடிந்து வந்தவன், "நல்ல கேமராதான்ணே. ஆனா நம்ம மண்டபத்துல உங்க பழைய பாடியே போதும். லைட்டுதான் பத்தல" என்றான். ஆறு மாதம் லைட் பிடித்தது வீண்போகவில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நேற்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அதே அரண்மனை, அதே ஆள், கையில் இந்தத் தடவை ஒரு ஃபிளாஷ். கீழே, "இது எப்படிண்ணே?"