காய்ந்துபோன தொட்டிக்கு மேலே ஊற்றாதீர்கள்

மாடித்தோட்டத் தொட்டி ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால், அகலமான பேசினில் நான்கு விரற்கடை தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மேல்மண் கருத்து ஈரம் தெரிந்ததும் எடுத்து வடியவிடுங்கள்.

தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் காய்ந்தால் சுருங்கும். தொட்டி ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடி, அடித்துளையில் கொட்டிவிடும். நாம் 'நன்றாக நனைந்துவிட்டது' என்று நினைப்போம், வேர்ப்பக்கம் பொடியாகவே இருக்கும். (என் முதல் தக்காளிச் செடிகள் போனது இப்படித்தான்.) கீழிருந்து என்றால் மண்ணே நிதானமாக உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் அடுத்த தொட்டிக்கு ஆகும்.

தூக்க முடியாத பெரிய குரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பைக்கு) இது ஆகாது. ஓரச் சந்தை மண்ணால் அடைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு சொம்பாக ஊற்றுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் என்றால் தினமும் தொட்டியைப் பேசினில் வைக்காதீர்கள், மேல்மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். தொட்டி கனமாக, ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகலாக இருக்கலாம். அதற்குத் தண்ணீரே காட்டக்கூடாது.