கலவர விசாரணைக்கு அபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஆபீசுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவர் புதிதாகப் பதிவு செய்த வக்கீல், இன்னொருவர் அவருடைய ஊர்க்காரர். ஊரில் தகராறு, கல்வீச்சு, அதற்குப் பிறகு போலீஸ் தடியடி. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "அண்ணா, இருபத்துமூணு பேருக்கும் அபிடவிட் ரெடி. ஒரு தடவ பாத்துக் குடுத்துடுங்க" என்றார் வக்கீல் தம்பி. மேலே இருந்த மூன்றைப் புரட்டினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது தவிர மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கட்டை மூடி வைத்துவிட்டு மூன்று டீ சொன்னேன்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. இருபத்தேழு வருஷமாக இந்தத் தாள்களோடு புழங்குகிறேன். எங்கே கையெழுத்து, எத்தனை காப்பி என்பதையெல்லாம் நோட்டரியே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த விசாரணை என்றே தெரியாமல் போவது

"விசாரணைக் கமிஷன் வந்திருக்கு" என்பார்கள். கேட்டால் தாலுகா ஆபீஸ் நோட்டீசை நீட்டுவார்கள். இரண்டும் வேறு. 1952ஆம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டத்தின்படி அரசு நியமிப்பதுதான் ஆணையம். சாட்சியை அழைக்க, ஆவணத்தைக் கேட்டு வாங்க, சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. பரமக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு (2011) நீதிபதி சம்பத், தூத்துக்குடிக்கு (2018) நீதிபதி அருணா ஜெகதீசன் என்று வந்தவை இந்த வகை. ஆர்.டி.ஓ. விசாரணை வருவாய்த் துறை அதிகாரி நடத்துவது. காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் நடத்தும் விசாரணை மூன்றாவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ), அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 196ஆவது பிரிவு. மனித உரிமை ஆணையம் நான்காவது.

வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. 1952 சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, ஆணையத்தின் முன் நீங்கள் சொன்னதை வைத்து உங்கள் மேலேயே வழக்கு நடத்த முடியாது (பொய்ச்சாட்சி சொன்னால் அது வேறு). ஆர்.டி.ஓ. முன்னால் அந்தக் குடை கிடையாது. "ஊர் மக்கள் முந்நூறு பேர் திரண்டு நியாயம் கேட்கச் சென்றோம்" என்று வீரமாக எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எஃப்.ஐ.ஆரிலோ ஏற்கெனவே பத்துப் பேர் பெயர், கூடவே "மற்றும் பலர்". அந்தப் பலரில் ஒருவன் நான்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தாலே, கல்லை எறிந்தவன் குற்றம் பக்கத்தில் நின்றவன் மேலும் வரும். உங்கள் வக்கீல் பார்க்காமல் ஒரு தாளும் போகக் கூடாது.

ஒரே அபிடவிட்டை எல்லோருக்கும் அடிப்பது

இது என் பழைய பாவம். அதனால்தான் அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிது. கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை, டைப்ரைட்டரும் கார்பனும்தான். மேற்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். தேர் போகும் வழி சம்பந்தமாக இரண்டு தெருவுக்குள் சண்டை, கடைசியில் போலீஸ் வீடு புகுந்து அடித்தது என்று புகார். பதினேழு பேர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். மறுநாள் காலை விசாரணை. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் ஒன்றை அடித்தேன்: "மேற்படி தேதியில் மாலை சுமார் 6.30 மணியளவில் நான் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது..." முதல் ஆளுக்கு அது உண்மை. மிச்சம் பதினாறு பேருக்கும் பெயரை மட்டும் மாற்றினேன். வேகமாக முடித்ததில் பெருமை வேறு.

நாலாவது சாட்சி ஒரு பீடி சுற்றும் அம்மா. ஆர்.டி.ஓ. நிதானமான மனுஷர். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "திண்ணையில யாரோட பேசிட்டிருந்தீங்க?"

"எங்க ஊட்ல திண்ணையே இல்லீங்களே. நான் உள்ள பீடி சுத்திகினு இருந்தேன்."

"அப்ப இத யார் எழுதினது?"

அந்த அம்மா திரும்பி, சுவரோரம் நின்றுகொண்டிருந்த என்னைக் கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் விசாரணை ஒப்புக்கு நடந்தது. பதினேழும் ஒரே ஆள் தயாரித்தவை, நம்புவதற்கில்லை என்று அறிக்கையில் ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள். தடியடி நியாயமானது என்று ஆகிவிட்டது. எரிச்சல் எங்கே என்றால், அந்த அம்மாதான் உண்மையில் அதிகம் பார்த்தவர். ஜன்னல் வழியாக, தெருவில் நிறுத்தியிருந்த வண்டிகளை யார் யார் லத்தியால் உடைத்தார்கள், அவர்களில் ஒருவர் நொண்டி நொண்டி நடந்தார் என்பதுவரை பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார். "நான் பாத்தத ஒருத்தரும் கேக்கலியே தம்பி." நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் போலீசார் கொடுத்த அறிக்கைகளும் ஒரே அச்சுதான். "எச்சரித்தும் கூட்டம் கலையாததால் குறைந்தபட்ச பலத்தைப் பிரயோகித்து" என்று பன்னிரண்டு பேரும் ஒரே வாக்கியம். அதை யாரும் கேட்கவில்லை. அது சர்க்கார் தாள். சர்க்கார் தாளுக்கு ஒரு நியாயம், நம் தாளுக்கு ஒரு நியாயம் என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை. நம் தாள் ஒரு படி மேலே இருந்தாக வேண்டும். ஆணையம் என்றால் சோதனை இன்னும் கடுமை. பெயர் கெடக்கூடிய அதிகாரிக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் (1952 சட்டம், 8பி பிரிவு), அவர் வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம் (8சி). திண்ணையைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும்.

இப்போது நான் செய்வது இது. ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைப்பேன். கூட வந்தவர் வெளியே. முதலில் பேனாவையே எடுப்பதில்லை. எங்கே நின்றீர்கள், அங்கிருந்து அந்த இடம் எத்தனை அடி, நடுவில் என்ன மறைத்தது, தெரு விளக்கு எரிந்ததா என்று மட்டும் கேட்பேன். மணி கேட்டால் எல்லோரும் "ஆறரை இருக்கும்" என்பார்கள், ஏனென்றால் முதல் ஆள் அப்படிச் சொன்னார். மணி கேட்கக் கூடாது. என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் "ஐந்நூறு பீடி முடிச்சு நூல் கட்டிகினு இருந்தேன்" என்பார்கள். வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல் ஷாப்பில் ஷிப்ட் விட்ட நேரம். அதை அப்படியே எழுத வேண்டும். குறுக்கு விசாரணையில் கடிகார மணி ஆட்டம் காணும், பீடிக் கணக்கு ஆடாது.

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். பார்க்காதவர் பார்க்கவில்லை என்றே எழுதட்டும். "முகம் தெரியவில்லை, காக்கிச் சட்டை மட்டும் தெரிந்தது" என்று எழுதிய ஒரு அபிடவிட், பெயர் பெயராக அடுக்கிய பத்து அபிடவிட்டைவிட எடுபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சூட்டோடு சூடாக எழுத வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. 2015 ஜூன் 27 ஆம்பூர். போலீஸ் விசாரணைக்குப் போன ஒரு இளைஞர் இறந்ததில் ஆரம்பித்துக் கலவரமாக வெடித்தது. அதன் வழக்கில் திருப்பத்தூர் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2025 ஆகஸ்டில். 22 பேருக்குத் தண்டனை, மற்றவர்களில் பெரும்பாலோர் விடுதலை. சம்பவம் நடந்தபோது அது வேலூர் மாவட்டம், தீர்ப்பு வந்தபோது திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டமே மாறிவிட்டது, உங்கள் ஞாபகம் மாறாதா?

ஆஸ்பத்திரியில் "பைக்ல இருந்து விழுந்தேன்" என்பது

பயம் புரிகிறது. அடிபட்டவன் என்று தெரிந்தால் கலவரக்காரன் என்று பிடிப்பார்கள். ஆனால் டூட்டி டாக்டர் நீங்கள் சொல்வதைத்தான் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஆறு மாதம் கழித்து லத்தி அடி என்றால் அந்த ஒரு வரி முன்னால் வந்து நிற்கும். சொல்லப் பயமாக இருந்தால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொய் வேண்டாம்.

கடைசித் தேதி

ஆணையம் எந்தத் தேதிவரை அபிடவிட் வாங்கும் என்று பேப்பரில் விளம்பரம் வரும். வெட்டி வையுங்கள்.

மனித உரிமை ஆணையம்

சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மேலும், வேறு ஆணையத்தின் முன் நிலுவையில் உள்ள விஷயத்தை அவர்கள் விசாரிக்க முடியாது.

வீடியோ

எடுத்த போன் வேண்டும், வாட்ஸப்பில் சுற்றி வந்தது போதாது. போனை மாற்றாதீர்கள், தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

ஆணையத்தில் சொன்னால் போதும் என்று இருப்பது

ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பு அல்ல, பரிந்துரை. 1958இல் டால்மியா வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் அதைச் சொல்லிவிட்டது. அறிக்கையைச் சட்டமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு வைக்க வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடியில் 13 பேர் செத்த சம்பவத்துக்கு அறிக்கை 2022இல் வந்தது. 17 போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மும்பைக் கலவரத்துக்கு (1992-93) ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அறிக்கை கொடுத்து 31 போலீசாரைக் குறிப்பிட்டது. குறிப்பிடுவது வேறு, கூண்டில் ஏற்றுவது வேறு.

கேரளத்தில் கூத்துப்பறம்பு துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, ஆணைய அறிக்கையை வைத்துப் புதிதாக ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 2001இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஒரு சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். ஆகாது, ஆணையத்தின் முடிவு புலன்விசாரணையைக் கட்டுப்படுத்தாது என்றது. 6ஆவது பிரிவுக்கு மறுபக்கமும் உண்டு. ஆணையத்தில் எதிராளி சொன்னதைக் காட்டி, கிரிமினல் கோர்ட்டில் அவர் மாற்றிச் சொல்கிறார் என்று மடக்கவும் முடியாது. கேஹர் சிங் வழக்கில் (1988) வந்தது அது.

ஆகவே ஸ்டேஷனில் உங்கள் புகாரைத் தனியாகக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் அத்தாட்சி) வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். ஆணையம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.

அந்த இரண்டு பையன்களையும் டீ குடித்ததும் திருப்பி அனுப்பினேன், ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று. வக்கீல் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து நாள் கழித்து வந்தார். கட்டு மெலிந்திருந்தது, பதினொன்றுதான்.

"மிச்சம் பன்னெண்டு பேரு?"

"கேட்டுப் பாத்தேண்ணா. அன்னிக்கி அவங்கெல்லாம் காட்பாடில ஒரு கல்யாணத்துல இருந்தாங்களாம்."