பென் டிரைவைப் பிடுங்கும்போது செய்யும் தவறுகள்

மவுஸ், கீபோர்டை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். யூஎஸ்பி அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வழக்கமான தட்டை பிளக்கின் உள்ளே பாருங்கள்: ஓரத்து மின் தகடுகள் இரண்டும் நடுவிலுள்ள டேட்டா தகடுகளைவிடச் சற்று நீளம். செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், உருவும்போது கடைசியில் விடும். பென் டிரைவைப் பிடுங்கினாலும் கெடுவது பெரும்பாலும் போர்ட் அல்ல, உள்ளே இருக்கும் ஃபைல்கள்தான்.

காப்பி 100 சதவீதம் என்று காட்டியதும் உருவுவதுதான் பலரும் செய்யும் தவறு. லினக்ஸில் பெரிய வீடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சட்டென்று முடிந்துவிட்டதாகக் காட்டும். பென் டிரைவின் விளக்கோ மினுக்கிக்கொண்டே இருக்கும். பாதி ஃபைல் இன்னும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில்தான் காத்திருக்கிறது. கட்டளை தட்டும் டெர்மினலில் 'சிங்க்' (sync) கட்டளை கொடுத்தால், எல்லாம் எழுதி முடிந்த பிறகே அடுத்த கட்டளைக்கான ப்ராம்ப்ட் திரும்பி வரும்.

"விண்டோஸில் இப்போது எஜெக்ட் (கழற்றும் முன் கணினியிடம் சொல்லி டிரைவை விடுவிப்பது) தேவையில்லை" என்பார்கள். பாதி உண்மை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, டிரைவைச் சட்டென்று கழற்றுவதற்கேற்ற அமைப்பே இயல்பாக வருகிறது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அது காப்பாற்றாது. பென் டிரைவ்களில் சாதாரணமாக இருக்கும் ஃபைல் அமைப்பு முறைகளான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. ஒரு ஃபைல் எழுதும்போது அறுந்தால் மொத்த ஃபோல்டரே குழம்பலாம்.

என்னைக் கேட்டால், இவற்றைவிட மோசமானது, சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி மறுத்த பிறகும் எரிச்சலில் இழுத்துவிடுவது. ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: திறந்து மறந்த எக்செல், ஆன்டிவைரஸ் ஸ்கேன், அந்த டிரைவிலேயே நிற்கும் கமாண்ட் ப்ராம்ப்ட். எது என்று தெரியாவிட்டால், விண்டோஸில் நடந்தவற்றைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குப் போய் 225 என்ற ஈவென்ட் எண்ணைத் தேடுங்கள். தடுத்த புரோகிராமின் பெயர் அதில் இருக்கும். அதற்கும் பொறுமையில்லையா, கணினியை ஷட்டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள். லேப்டாப்பை மூடி ஸ்லீப்பில் போடுவது ஷட்டவுன் ஆகாது.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்றால் எஜெக்ட் ஆனதும் கையில் தூக்கிவிடாதீர்கள். உள்ளே தட்டு இன்னும் சுழலும், சத்தம் அடங்கட்டும்.

ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது, அடுத்த முறை செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறதா? வேண்டாம் என்று சொல்லுங்கள். முக்கியமான ஃபைல் உள்ளே இருந்தால் முதலில் ரெக்கவரி மென்பொருளால் அதை வேறு டிரைவுக்கு எடுங்கள். டிரைவின் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் எல்லாம் அதன் பிறகுதான்.